உமியில் உறையும் கனிமம்

உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறையினர் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். அக்கரியை விரலிடையே தேய்த்தால் நறநறவென்று உறுத்தும். அவ்வுறுத்தலுக்குக் காரணம் சிலிக்கா. ஆற்று மணலில் மிகுந்திருப்பதும் அதுவே.

நெற்பயிர் மண்ணிலுள்ள சிலிக்காவை நீரில் கரைந்த சிலிசிக் அமிலமாக உறிஞ்சுகிறது. நீர் இலைவழியே ஆவியாகிவிட, சிலிக்கா மட்டும் தாளிலும் உமியிலும் படிந்து பயிருக்குக் கவசமாகிறது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி கிடைக்கும். அதனை முற்றிலும் எரித்தால் 4 கிலோ அளவிற்குச் சாம்பல் எஞ்சும். அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா.

எரிக்கும் முறையில்தான் நுட்பம் உள்ளது. வெப்பம் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசைக் கடவாதிருந்தால் சிலிக்கா படிக வடிவமற்றதாய், எளிதில் கரைவதாய் அமையும். வெப்பம் மிகுந்தால் அது படிகமாக இறுகிவிடும், எளிதில் கரையாது. அத்தூசு நுரையீரலுக்கும் தீங்கானது.

நன்கு எரிந்த சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்கவைத்தால் சோடியம் சிலிக்கேட்டு கிடைக்கிறது. மணலிலிருந்து இதனைப் பெற வழக்கமாக 1000 டிகிரிக்கும் மேற்பட்ட உலை வேண்டும். இக்கரைசலுடன் சோடியம் அலுமினேட்டைச் சேர்த்தால் கூழ் உண்டாகும். 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில மணிநேரம் வைத்தால் அக்கூழ் ஜியோலைட்டுப் படிகமாகிறது. நுண்துளைகள் நிறைந்த இக்கனிமம் கடின நீரிலுள்ள கால்சியத்தை ஈர்த்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கும். 1756இல் சுவீடன் நாட்டவரான கிரான்ஸ்டெட், சூடேற்றியபோது நீராவி கக்கிய இயற்கைக் கல்லுக்குக் 'கொதிக்கும் கல்' என்னும் பொருளில் இட்ட பெயரே ஜியோலைட்டு.

இனி, கொல்லிமலைக்கு வருவோம். அங்கே பள்ளங்களில் நெல்லும் சரிவுகளில் சாமையும் தினையும் விளைகின்றன. முன்பு உரலில் குத்தியபோது உமி வீட்டுக்கு வீடு சிதறிப் போயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் சிறுதானிய அரைவை இயந்திரங்கள் அங்கு வந்தன. இயந்திரம் உள்ள இடத்தில் உமி ஒருசேரக் குவிகிறது. அம்மலையில் அலுமினியத் தாதுவாகிய பாக்சைட்டும் உண்டு. மேட்டூர் ஆலைக்காக அது வெட்டியெடுக்கப்பட்டது. ஜியோலைட்டுக்கு வேண்டிய இரண்டும் ஒரே மலையில்! ஆனால், வெட்டிய பாக்சைட்டு மீண்டும் விளையாது. உமியோ ஆண்டுதோறும் விளைகிறது.

இடர் ஒன்று உண்டு. உமி எடை குறைந்தது, இடம் அடைப்பது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அதனை அப்படியே கீழே இறக்குவது கட்டுப்படியாகாது. அரைவை இடத்திலேயே வெப்பத்தை அளந்து எரித்தால், ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள சாம்பலை மட்டும் இறக்கினால் போதும்.