தட்டின் மறுபக்கம்

நமது சங்கத்தின் ஆண்டு இசை விழாவிற்கு வரும் அன்பர் எவரையேனும் வாயிலிலேயே நிறுத்தி, இன்று மேடையில் என்னென்ன பாட்டுக்கள் ஒலிக்கும் என்று வினவினால், அவர் பிழையின்றி வரிசை சொல்லிவிடுவார். பல ஆண்டுகளாக அவ்வரிசை மாறியதில்லை. முதலில் ஒரு பக்திப் பாட்டு; அடுத்து மெல்லிசை மன்னர் காலத்துப் பாட்டு இரண்டு; பின்னர் இளையராஜா அவர்களின் பாட்டு நான்கு; ரகுமான் அவர்களின் பாட்டு இரண்டு; இறுதியில் சிறுவர் சிறுமியர் மேடையேறி ஆடுவதற்கென்று அவ்வாண்டின் ஆரவாரப் பாட்டு ஒன்று. அவை நல்ல பாட்டுக்கள் அல்ல என்று நாம் கூறவில்லை, நல்லவையாதலால்தான் நிலைத்தன. ஆயினும், அறுசுவை உண்டி சமைத்த வீட்டில் சாம்பார் சோறு மட்டும் உண்டு எழுந்தவர் போலவே நாம் ஒவ்வோராண்டும் வீடு திரும்புகின்றோம்.

சென்ற விழாக் குழுக் கூட்டத்தில் இக்குறையை நாம் எடுத்துரைத்தபோது, குழுவிலுள்ள இளைஞர் ஒருவர், "தெரியாத பாட்டைப் பாடினால் யார் சார் கேட்பார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. அன்று நம்மால் தக்க விடை கூற இயலவில்லை. வீடு வந்து எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

புகழ் பெற்றவர் செய்த பாட்டு ஒன்று புகழ் பெறாமற் போவது எதனால்? பாட்டின் குறை என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அது கருவியின் குறையே. பழைய கிராமபோன் தட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு அடங்கும். திருப்பிப் போட்டால் இன்னொரு பாட்டு. காப்பிக் கடைக்காரருக்குத் தட்டைத் திருப்பப் பொழுது ஏது? முன்பக்கம் தேய்ந்தது, மறுபக்கம் புதிது போலவே இருந்தது. பின்னர் வந்த சிறு தட்டுக்களிலும் இதே கதைதான்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1968-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'லேடி மடோனா' என்னும் பாட்டைத் தட்டாக வெளியிட்டனர். உலகெங்கும் அது முழங்கிற்று. அத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது 'தி இன்னர் லைட்' என்னும் பாட்டு. ஜார்ஜ் ஹாரிசன் இயற்றியது. சீன அறிஞர் லாவோட்சுவின் நூலிலுள்ள கருத்தை எடுத்துக்கொண்டு அவர் அதனை அமைத்தார். அதன் பின்னணி இசை பதிவானது இலண்டனில் அன்று. அவ்வாண்டு ஜனவரியில் நமது பம்பாயில். வாசித்தவர்கள் இந்தியக் கலைஞர்கள். அவர்களுள் குழலூதியவர் ஹரிபிரசாத் சௌராசியா. அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1988-இல், அதே குழல் இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' என்னும் இசைத்தொகுப்பில் ஒலித்தது. அதிலுள்ளவை ஐந்தே உருப்படிகள். 'மோசார்ட் ஐ லவ் யூ' என்பதன் பெயரைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'சிங்கிங் சாலிட்யூட்' என்பதைச் சொல்லக் கேட்டதில்லை. நம்மைக் கேட்டால், இரவில் விளக்கணைத்த பின் கேட்பதற்கு அதுவே உரியது என்போம். மாறுபடுவோர் எழுதலாம், வெளியிடுவோம்.

நிற்க. வெளியூரில் வாழும் நமக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு வாய்த்திருந்தது; அதனை நாம் குறையென்றே எண்ணிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் இருந்த நம் உறவினர்க்கு வானொலி பாட்டுக்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. தெருமுனை ஒலிபெருக்கியும் தன் பங்கிற்குத் தேர்ந்தெடுத்தது. இங்கே நமக்குக் கிடைத்தது ஐதராபாத்துத் தொலைக்காட்சியின் 'சித்ரலஹரி'. அதில் வந்தவை தெலுங்குப் பாட்டுக்கள். தமிழ்ப் பாட்டு வேண்டுமாயின், சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் வரும் மாமாவின் பையில், முறுக்குப் பொட்டலத்திற்கும் அப்பளக் கட்டிற்கும் இடையே, ஒன்றிரண்டு காஸெட்டுக்கள் வரவேண்டும். அடுத்த மாமா வரும் வரையில் அவைதாம். ஆகவே முதற்பக்கத்து முதற்பாட்டிலிருந்து மறுபக்கத்துக் கடைசிப் பாட்டு வரை அனைத்தையும் கேட்டோம். பிடிக்காத பாட்டைத் தாண்டிச் செல்லப் பொத்தானை அழுத்தினால் நாடா சிக்கிக்கொள்ளும். பென்சிலைச் செருகிச் சுற்றி எடுக்க வேண்டும். சிக்கலுக்கு அஞ்சியே கேட்ட பாட்டுக்கள் எத்தனை! அவற்றுள் பல பின்னாளில் நம் உயிரோடு ஒட்டிக்கொண்டன. இன்று கைபேசியில் இலட்சம் பாட்டுக்கள் இருக்கின்றன. நேற்றுக் கேட்டது போன்றதையே இன்றும் அது தேடிக் கொடுக்கிறது. நம் பிள்ளைகள் தாண்டிச் செல்வதற்குச் சிரமமே இல்லை.

இளைஞருக்குச் சொல்ல வேண்டிய விடை நமக்குத் தட்டுப்பட்டது, ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் காலை. ஐதராபாத்தில் வீடுதோறும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடல் கடந்த லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் 'நாட்டு நாட்டு' பாட்டிற்கு ஆஸ்கார் பரிசு அறிவிக்கப்பட்டது. பாட்டாசிரியர் சந்திரபோசுடன் மேடையேறிய இசையமைப்பாளர் எம்.எம். கீரவாணி, தாம் கார்ப்பெண்டர்ஸ் இசையைக் கேட்டு வளர்ந்ததாகக் கூறி, அவர்களுடைய 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டின் மெட்டிலேயே தம் நன்றியைப் பாடினார். அரங்கம் மகிழ்ந்தது. சில நாட்களில் ரிச்சர்ட் கார்ப்பெண்டர் தம் குடும்பத்தாருடன் அதே மெட்டில் வாழ்த்துப் பாடி அனுப்பினார்.

அந்த மெட்டின் வரலாறு நம் பொருளுக்கு நேராக வருவது. அண்ணன் ரிச்சர்டும் தங்கை கேரனும் கார்ப்பெண்டர்ஸ் என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றவர்கள். 1972-இல் அவர்கள் வெளியிட்ட 'எ சாங் ஃபார் யூ' என்னும் தொகுப்பில் 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' பல பாட்டுக்களுள் ஒன்றாக இருந்தது. அதைத் தனித்தட்டாக வெளியிட வேண்டும் என்று அவர்கள் முதலில் கருதவில்லை. லின் ஆண்டர்சன் என்னும் பாடகி அதனைத் தாம் பாடி வெற்றி கண்ட பின்னரே, பெற்றவர்க்கே பிள்ளையின் அருமை புலனாயிற்று. கேரன் தம் குரலை மீண்டும் பதிவு செய்தார். 1973-இன் இறுதியில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஓராண்டிற்கு மேல் தொகுப்பின் மூலையில் கிடந்த பாட்டு அது! ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் ஐதராபாத்துக்காரர் ஒருவர் உலக மேடையில் நின்றபோது அவர் வாயில் வந்ததும் அதுவே.

அன்று காலை நம் அண்டை வீட்டுத் தெலுங்குப் பெரியவர் இனிப்புடன் வந்தார். வாசலிலேயே நின்று, "எங்கள் கீரவாணிகாரு! உங்கள் தமிழ் மக்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று பெருமையுடன் கேட்டார். நாம், "தெரியாமல் என்ன? எங்களுக்கு அவர் மரகதமணி," என்றோம். பெரியவர் திகைத்தார். கீரவாணி, மரகதமணி என்னும் இரண்டும் அவருடைய இயற்பெயரிலேயே உள்ளவை. தெலுங்கில் ஒன்று, தமிழில் மற்றொன்று. இந்தியில் 'கிரீம்' என்றும் வழங்குவர். 1990-இல் தெலுங்கில் இசையமைக்கத் தொடங்கியவரை, மறு ஆண்டே இயக்குநர் கே. பாலசந்தர் 'அழகன்' படத்தின் வாயிலாகத் தமிழுக்கு அழைத்து வந்தார். தொடர்ந்து 'வானமே எல்லை' 1992-இலும், 'ஜாதி மல்லி' 1993-இலும் வந்தன. 'அழகன்' என்றதும் அனைவரும் சொல்வது, இரவு முழுவதும் இருவர் தொலைபேசியில் பேசிக் கழிக்கும் அந்தப் பாட்டைத்தான். சிறந்த பாட்டே. ஆயினும் அதே காஸெட்டில் 'மழையும் நீயே' என்றொரு பாட்டு இருக்கிறது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் பாடியது. ஆரவாரமில்லை, விரைவில்லை. உரக்கப் பாடி உலகை ஆண்ட குரல் அங்கே அருகில் அமர்ந்து பேசுவது போல் ஒலிக்கிறது. பெரியவரை உள்ளே அமர்த்தி அதைப் போட்டுக் காட்டினோம். மொழி அவருக்குப் பாதிதான் விளங்கும். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். இனிப்புத் தட்டு அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் கைம்மாறு செய்தார். 1978-இல் வெளிவந்த 'மரோ சரித்ரா' படத்தின் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். விசாகப்பட்டினத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் தமிழ் இளைஞனும் தெலுங்கு மங்கையும் ஒருவரை ஒருவர் விரும்பி, இரு குடும்பத்தாரின் எதிர்ப்பிற்கு உள்ளாகி, இறுதியில் மாண்ட கதை அது. இயக்கியவர் அதே பாலசந்தர். இசை நம் எம்.எஸ். விசுவநாதன். தமிழில் மாற்றாமல் தெலுங்கிலேயே சென்னையில் 500 நாட்களுக்கு மேல் ஓடிய படம். அதன் காதல் பாட்டுக்கள் எல்லோர் நாவிலும் இருந்தன. பெரியவர் கொண்டுவந்ததோ, விதியை நொந்து வாணி ஜெயராம் அம்மையார் பாடிய சோகப் பாட்டு. ஆத்ரேயா எழுதியது. தமிழ் இசையமைப்பாளரின் மெட்டு, வேலூரில் பிறந்த தமிழ்ப் பெண்மணியின் குரல். இருந்தும் நம்முள் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்போம்? நாமே அன்றுதான் முழுமையாகக் கேட்டோம் என்று ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.

வாணி ஜெயராம் அம்மையாரைப் பற்றி நம் உறுப்பினர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. பின்னணிப் பாடகியாகுமுன் அவர் ஸ்டேட் பாங்கு ஊழியர். சென்னையில் பணியாற்றியவர் 1967-இல் மாற்றலாகி வந்தது இந்த ஐதராபாத்திற்கே. நம்மில் எத்தனையோ குடும்பத்தார் வந்தது போலவே, கையில் மாற்றல் உத்தரவுடன் வந்தவர். பின்னர் மணமாகிப் பம்பாய் சென்று, 1971-இல் 'குட்டி' என்னும் இந்திப் படத்தின் வாயிலாக நாடறிந்தவரானார். தேசிய விருது மும்முறை பெற்றார். அவற்றுள் ஒன்று தெலுங்கு 'சங்கராபரணம்' படத்துப் பாட்டிற்காக. 2023 பிப்ரவரி 4-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். பெரியவர் அப்பாட்டைக் கொண்டுவந்தபோது அம்மையார் மறைந்து ஆறு வாரமும் ஆகவில்லை. இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே குழு இளைஞரின் கேள்விக்கு நம் விடை இது: கேட்பவர்கள் இருக்கிறார்கள்; முதலில் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். இவ்வாண்டு விழாவில் முதற்பகுதியை வழக்கமான பாட்டுக்களுக்கே விட்டுவிடலாம். இரண்டாம் பகுதியில், குடும்பத்திற்கு ஒன்றாக, வீட்டார் மட்டுமே அறிந்த பாட்டுக்களைப் பாடுவோம். பாடுபவர் பாட்டிற்கு முன், அது தம் வீட்டிற்கு எவ்வாறு வந்தது என்று இரண்டு நிமிடம் சொல்லட்டும். மூன்றாவது நிமிடத்தில் மணி அடிக்கப்படும். நம் அன்பர்களின் பேச்சு வன்மையை நாம் அறிவோம்.

இக்கருத்தை வெளியிட்டதும் முதலில் முன்வந்தவர் பத்மராவ் நகரிலுள்ள உறுப்பினர் ஒருவர். அவர் இல்லத்திலும் 'அழகன்' காஸெட் ஒன்று உண்டு. விலைக்கு வாங்கும் காஸெட்டில் நாம் எதையும் பதிவு செய்துவிடாதபடி மேற்புறத்தில் சிறு துளை விட்டிருப்பார்கள். அவருடைய மூத்த மகன், அப்போது எட்டு வயதுச் சிறுவன், அத்துளையில் காகிதம் ஒட்டி, பதிவுப் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறான். 'மழையும் நீயே' பாட்டின் நடுவே குரல் அறுந்து, சமையலறையிலிருந்து பாட்டியின் குரல் கேட்கிறது: "டேய், சோறு ஆறிப்போகுது, உங்கப்பா வர்றதுக்குள்ள வந்து உட்காருங்கடா!" பின் ஒரு தட்டு விழும் ஓசை. மீண்டும் பாட்டு. அன்று அச்சிறுவனுக்கு அடி கிடைத்தது. பாட்டி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

அச்சிறுவன் இன்று அமெரிக்காவில் டெக்சாஸில் குடும்பத்துடன் வாழ்கிறார். சென்ற ஆண்டு வண்டியில் செல்லும்போது கைபேசியில் அப்பாட்டை முதன்முறையாக முழுமையாகக் கேட்டாராம். அந்த இடம் வந்தபோது பாட்டியின் குரல் வராமல் எஸ்.பி.பி.யே தொடர்ந்து பாடிக்கொண்டு போனதும், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஐதராபாத்திற்குத் தொலைபேசியில் அழைத்து, காஸெட் பத்திரமாக இருக்கிறதா என்று தாயாரைக் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஆனால் அதை ஓட்டும் கருவியின் பட்டை தளர்ந்துவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர் நம் உறுப்பினருள் எவரேனும் இருந்தால் சங்க அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். நாடா மேலும் கெடுமுன் பிரதி எடுத்துவிட வேண்டும்.

விழாவில் அப்பாட்டைப் பாட ஒப்புக்கொண்டவர், யார் கேட்பார்கள் என்று வினவிய அதே இளைஞர்தாம். பயிற்சிக்கு எந்தப் பதிவைக் கேட்பது, படத்தில் உள்ளதையா, பத்மராவ் நகரில் உள்ளதையா என்று கேட்டார். பிரதி எடுத்ததும் இரண்டையுமே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.