‘நார்மல்’ என்றால் போதாது: மருந்தில்லாப் பிரசவத்தை விரும்புவோர் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

கர்ப்பம் ஏழு மாதத்தைத் தாண்டியதும் வீட்டிலும் உறவினர்களிடையேயும் எழும் முதல் கேள்வி, “நார்மலா, ஆபரேஷனா?” என்பதுதான். “எனக்கு நார்மல்தான் வேணும் டாக்டர்,” என்று கர்ப்பிணி சொல்கிறார். மருத்துவரும் தலையசைக்கிறார். இருவரும் ஒன்றையே பேசியதாக நினைத்துக்கொண்டு பிரிகிறார்கள்.

ஆனால், மருத்துவமனையின் பேச்சில் ‘நார்மல்’ என்றால் வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் குழந்தை பிறப்பது. அவ்வளவுதான். வலி வரவழைக்க மருந்து ஏற்றியிருக்கலாம்; வலி மறக்க பெத்திடின் ஊசி போட்டிருக்கலாம்; முதுகுத்தண்டருகே எபிடூரல் கொடுத்திருக்கலாம்; வெட்டித் தையல் போட்டிருக்கலாம். எல்லாமே ‘நார்மல்’தான். நம்முடைய ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லும் இன்று இவை அனைத்தையும் சேர்த்தே குறிக்கிறது.

வலி மருந்தில்லாமல், நடந்து திரிந்து, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்திருக்க, தன் உடலின் வேகத்திலேயே குழந்தையைப் பெற விரும்பும் பெண் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் அதற்கு வழியில்லாமல் இல்லை. ஆனால், கேட்காமல் அது தானாக வருவதும் குறைவு. இடுப்பு வலி எடுத்த பிறகு கேட்பதற்கு நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

அரசாங்க சுகாதார கிளினிக்கில் பதிவு செய்யும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு நிறக் குறியீடு தரப்படுகிறது. வெள்ளை என்றால் அபாயம் குறைவு, தாதியரே கவனித்துக்கொள்ளலாம். பச்சை, மஞ்சள் என்று போகப்போக மருத்துவரின் பார்வையும் நிபுணரின் பார்வையும் தேவைப்படும். சிவப்பு என்றால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த நிறம் ஒரே முறை ஒட்டப்பட்டு அப்படியே நின்றுவிடுவதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச்சோகை, குழந்தையின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு சந்திப்பிலும் மாறலாம். மருந்தில்லாப் பிரசவத்துக்கான பேச்சைத் தொடங்க வேண்டிய இடமும் இதுவே. “என் நிறம் என்ன மிசி? ஏன் இந்த நிறம்?” என்று கேட்பதில் தவறே இல்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நம் சமூகத்தில் பரவலாக இருப்பதால், இந்தக் கேள்வி இந்தியப் பெண்களுக்குக் கூடுதல் முக்கியம்.

எங்கே பிரசவிக்கலாம்?

பெரும்பாலோருக்குக் கிடைப்பது அரசாங்க மருத்துவமனை. சிக்கலில்லாத பிரசவங்களை அங்கு பயிற்சி பெற்ற மருத்துவச்சித் தாதியரே பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டும் மருத்துவர் வருகிறார். இயற்கைப் பிரசவத்தை விரும்புவோருக்கு இது ஒரு வகையில் சாதகமே. ஆனால், பிரசவ அறைகள் பரபரப்பானவை. சில இடங்களில் திரைச்சீலைதான் தடுப்பு. கணவர் உள்ளே வரலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கணவரும் பிரசவ வகுப்பில் கலந்துகொண்டிருந்தால்தான் அனுமதி என்ற விதி சில மருத்துவமனைகளில் உண்டு. கடைசி மாதத்தில் இது தெரியவந்தால் வகுப்புக்கு இடம் கிடைப்பது சிரமம்.

குறைந்த அபாயமுள்ள தாய்மார்களுக்கென ‘புசாட் பெர்சாலின் ரிசிகோ ரெண்டா’ எனப்படும் பிரசவ மையங்களும் சில பகுதிகளில் இயங்குகின்றன. பொதுவாக, இரண்டாவது முதல் ஐந்தாவது வரையிலான கர்ப்பமாக இருந்து, முந்தைய பிரசவங்களில் சிக்கல் ஏதும் இல்லாதவர்களுக்கே இங்கு இடம். முதல் பிரசவம் என்றால், தாய் முழு ஆரோக்கியத்துடன் இருந்தாலும் மருத்துவமனையே பரிந்துரைக்கப்படுகிறது.

தனியார் மருத்துவமனையில் தனியறை கிடைக்கும். தெரிந்த மருத்துவரே வருவார். ஆனால், எல்லாம் அந்த ஒரு மருத்துவரின் போக்கைப் பொறுத்தது. அவரிடம் பிரசவித்தவர்களில் எத்தனை பேருக்கு சிசேரியன், எத்தனை பேருக்கு வெட்டித் தையல் என்று நேரடியாகவே கேட்கலாம். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ஒரு முறை சிசேரியன் ஆனவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. பலரால் அடுத்த குழந்தையைப் பிறப்புறுப்பு வழியாகப் பெற முடிகிறது. ஆனால், பழைய தையல் பிரியும் அபாயம் சிறிதளவு இருப்பதால், உடனே அறுவைசிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே அதை முயல வேண்டும்.

பக்கத்தில் ஒருவர்

மருந்தில்லாப் பிரசவத்துக்கு உதவும் வழிகளில் ஆய்வுகளின் வலுவான ஆதரவு பெற்றது விலையுயர்ந்த கருவி எதுவுமல்ல. விடாமல் பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2017ல் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்கு சிசேரியனும் வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டன. பிரசவ நேரமும் சற்றுக் குறைந்தது.

இந்தத் துணை கணவராக இருக்கலாம். அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம். இரத்தத்தைக் கண்டால் மயங்கும் கணவரை வற்புறுத்தி உள்ளே நிறுத்துவதைவிட, நான்கு பிள்ளை பெற்ற பெரியம்மா நல்ல துணை. அனுமதிக்கும் மருத்துவமனையும் பொதுவாக ஒருவரையே அனுமதிக்கும் என்பதால், அது யார் என்பதைக் குடும்பம் மனத்தாங்கல் இல்லாமல் முன்பே பேசி முடிப்பது நல்லது.

‘டூலா’ எனப்படும் பிரசவத் துணையாளர்களைக் கட்டணம் கொடுத்து அமர்த்துவோரும் உண்டு. அவர்கள் மூச்சுப் பயிற்சி, மசாஜ், தைரியம் தருவார்கள். ஆனால், டூலா மருத்துவச்சி அல்லர். பரிசோதிக்கவோ பிரசவம் பார்க்கவோ அவருக்குத் தகுதி கிடையாது. மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லும் டூலாவிடமிருந்து விலகுவதே பாதுகாப்பு.

வலியைத் தாங்கும் வழிகள்

உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகள், இயற்கைப் பிரசவத்தை விரும்புவோருக்குப் பெரிதும் துணை நிற்கின்றன. ஆரோக்கியமான தாய் பிரசவ நேரத்தில் நடக்கலாம், விரும்பிய நிலையில் இருக்கலாம், உண்ணலாம், பருகலாம் என்று அவை கூறுகின்றன. மழிப்பதும் எனிமா கொடுப்பதும் வழக்கமாகத் தேவையில்லை. எல்லாருக்கும் வெட்டித் தையல் போடுவதும் கூடாது.

இன்னொரு முக்கியமான செய்தியும் அதில் உண்டு. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. தீவிரக் கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. முதல் பிரசவத்தில் அங்கிருந்து 12 மணி நேரம் வரை ஆகலாம். எனவே, தாயும் சேயும் நலமாக இருக்கும்போது, “மெதுவாகப் போகிறது” என்பது மட்டுமே மருந்து ஏற்றக் காரணமாகாது.

படுக்கையிலேயே கிடப்பதைவிட நிற்பதும் நடப்பதும் முதல் கட்டத்தைச் சுருக்கும். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பில் வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்க் குளியல், முதுகை அழுத்திப் பிடித்துவிடுவது, மூச்சை நிதானமாக இழுத்து விடுவது எல்லாம் கைகொடுக்கும். இதயத்துடிப்புப் பட்டை கட்டியிருப்பதால் எழ முடியவில்லை என்றால், “எல்லாம் நன்றாக இருந்தால் இடையிடையே மட்டும் பார்க்கலாமா?” என்று கேட்கலாம்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல

மருந்து வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெத்திடினும் எபிடூரலும் வலிக்கான மருந்துகள். வேண்டாம் என்றால் மறுக்கலாம். ஆனால், குழந்தை பிறந்ததும் தாய்க்குப் போடும் ஆக்சிடோசின் ஊசி அப்படிப்பட்டதல்ல. அது கருப்பையைச் சுருங்க வைத்து, பெரும் இரத்தப்போக்கைத் தடுக்கிறது. எல்லாப் பிரசவங்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது. குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே ஊசியும் இரத்தக்கசிவைத் தடுப்பதற்கே. ‘இயற்கை’ என்ற பெயரில் இவற்றையும் சேர்த்து மறுப்பது ஆபத்தானது.

மருத்துவர், மருத்துவச்சி யாருமின்றி வீட்டிலேயே பிரசவித்துக்கொள்வதும் அதேபோலத்தான். மலேசியாவில் 1950ஆம் ஆண்டில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1 லட்சம் குழந்தைகளுக்கும் 500க்கும் அதிகமான தாய்மார்கள் இறந்தார்கள். தோட்டப்புற வீடுகளில், வலி எடுத்து இரவோடு இரவாகப் போன பெண்களின் கதை இன்றும் பல குடும்பங்களில் உண்டு. மருத்துவச்சித் தொழிலைப் பதிவுக்கு உட்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டமும், கிராமங்கள் வரை சென்ற தாய்சேய் நல கிளினிக்குகளும், இரத்த வங்கிகளும் சேர்ந்துதான் அந்த நிலையை மாற்றின. பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆரோக்கியமான தாய்க்கும் வரலாம்.

ஒரே ஒரு பக்கம்

விருப்பங்களை ஒரே பக்கத்தில் எழுதி, 36ஆம் வாரத்துக்கு முன்பே மருத்துவரிடமோ தாதியரிடமோ காட்டி, பிங்க் புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம். மலாயில் எழுதினால் இரவுப் பணிக்கு வரும் தாதியருக்கும் உடனே புரியும். கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

- பிரசவ அறைக்குள் யார் வரலாம்? எந்தக் கட்டத்தில் வரலாம்? வகுப்புச் சான்றிதழ் தேவையா?
- வலி வந்ததும் நடக்கலாமா? சாப்பிடலாமா? மல்லாந்து படுக்காமல் வேறு நிலையில் பெறலாமா?
- நாள் தள்ளிப்போனால் எப்போது வலி வரவழைப்பீர்கள்? என்ன காரணத்துக்காக?
- வெட்டித் தையல் எந்தச் சூழலில் மட்டும் போடுவீர்கள்?
- தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டி, குழந்தையை உடனே என் மார்பில் வைக்க முடியுமா?

கடைசியாக ஒரு வரியையும் அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்: “என் உயிருக்கோ குழந்தையின் உயிருக்கோ ஆபத்து என்றால், விளக்கிச் சொல்லிவிட்டுத் தேவையானதைச் செய்யுங்கள்.”

பத்து மணி நேர வலிக்குப் பிறகு எபிடூரல் கேட்கும் பெண்ணும், குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து அறுவை அறைக்குப் போகும் பெண்ணும் எதிலும் தோற்றவர்கள் அல்லர். “ஒரு வலி கூடத் தாங்க முடியலையா?” என்ற பேச்சை வீட்டுக்கு வந்து பார்ப்போர் தவிர்க்கலாம். என்ன நடக்கிறது என்று தனக்குச் சொல்லப்பட்டதா, தன்னிடம் கேட்கப்பட்டதா என்பதுதான் ஒரு தாயின் மனத்தில் பல ஆண்டுகள் நிற்கிறது. அதற்கான பேச்சை அடுத்த கிளினிக் சந்திப்பிலேயே தொடங்கலாம்.