சின்ன கார், பெரிய பிரேக்: தேவைதானா?

பளபளக்கும் புது டிஸ்க்கைவிட, மாற்ற மறந்த அரை லிட்டர் பிரேக் ஆயில்தான் பல நேரங்களில் உயிர் காக்கிறது

தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் ஒரு ஜோடி பிரேக் பேட் கேட்டால் முதலில் பதில் வராது, கேள்விதான் வரும்: கம்பெனி பெட்டியா, வேறு பிராண்டா, லோக்கலா? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பெங்களூர் ஜே.சி. சாலையிலும் இதே கேள்விதான், மொழி மட்டும் வேறு. இப்போது நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. துளையிட்ட டிஸ்க், சிவப்பு வண்ணம் பூசிய பெரிய காலிப்பர், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் என்று 'அப்கிரேட்' செய்துகொள்ளலாமா?

கேட்பவர் பந்தயக்காரர் அல்ல. எட்டு, பத்து வருடம் ஓடிய ஸ்விஃப்ட்டோ ஐ10-ஓ வைத்திருக்கும் சம்பளக்காரர். வாரநாளில் அலுவலகம், விடுமுறையில் நெடுஞ்சாலை, வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு மலைப் பயணம். அண்மையில் ஒரு லாரியின் பின்புறம் பயமுறுத்தும் அளவுக்கு நெருங்கி வந்திருக்கும். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் வாங்கும் மருந்து சரியானதா என்பதே கேள்வி.

அம்பாசடரும் பத்மினியும் சாலையை ஆண்ட பல பத்தாண்டுகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருந்தது. சாலையும் அதற்கேற்ற வேகத்தையே அனுமதித்தது. மாருதி 800 அறிமுகமான 1983-ல் நாட்டில் விரைவுச்சாலை என்று ஒன்று கிடையாது. மும்பை-புனே விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 2002-ல். இன்று சிறிய கார்கூட சர்வசாதாரணமாக 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. ஏபிஎஸ் எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு முறை புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன் விற்கப்பட்ட மலிவு விலை மாடல்கள் பலவற்றில் அது இல்லை. அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வேகத்தின் கணக்கு

வேகம் இரட்டிப்பானால் காரை நிறுத்தத் தேவைப்படும் தூரம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. நல்ல டயர், உலர்ந்த தார்ச்சாலை என்றால் 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு கார் ஓடும் தூரம் சுமார் 8 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் சுமார் 31 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே கார் இன்னும் 22 மீட்டர் போயிருக்கும். மழைச் சாலையில் இந்தக் கணக்கு மேலும் மோசம்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். பழைய பிரேக்கே அவசரத்தில் சக்கரத்தைப் பூட்டிவிடுகிறது அல்லது ஏபிஎஸ்ஸைத் துடிக்க வைக்கிறது என்றால், டயரின் பிடிமானம் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும், ஒரு தடவை நிறுத்தும் தூரம் பெரிதாகக் குறையப் போவதில்லை. தேய்ந்த டயரை மாற்றினால் குறையும். சட்டப்படி காரின் டயரில் குறைந்தது 1.6 மி.மீ. ஆழமாவது பள்ளம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த எல்லை வரை காத்திருப்பதே ஆபத்து.

அப்படியானால் பெரிய பிரேக்கால் பயனே இல்லையா? உண்டு. அது வேறு இடத்தில் இருக்கிறது: சூட்டைத் தாங்குவதில்.

மலை இறங்கும்போது

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் இயந்திரம், அவ்வளவுதான். நான்கு பேரும் சாமான்களும் ஏறிய சிறிய காரின் எடை சுமார் 1,100 கிலோ. உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அது 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கே விழுங்க நேர்ந்தால், 80 கி.மீ. வேகத்திலிருந்து காரை 70 முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். முசூரியிலிருந்து டேராடூன் இறங்குவது 50 முறை நிறுத்துவதற்குச் சமம்.

இதில் பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர்களின் விதி அனுபவத்தில் பிறந்த இயற்பியல். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருள விடுபவர், எஞ்சினின் பங்கையும் சேர்த்து பிரேக்கின் தலையில் கட்டுகிறார். எஞ்சினையே அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஓரிரு முறை மிதித்ததும் பெடலுக்கு உதவும் பூஸ்டரின் பலம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

சூடு இரண்டு விதமாகப் பழிவாங்குகிறது. ஒன்று, பேட் தன் உராய்வை இழக்கிறது. பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. மற்றொன்று இதைவிடப் பயங்கரமானது: பிரேக் ஆயில் கொதித்துவிடுகிறது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, ஆனால் ஆவி சுருங்கும். பெடல் தரை வரை இறங்கும், பிரேக் பிடிக்காது.

வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. 'டாட் 3' ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 'டாட் 4' என்றால் 230-ம் 155-ம். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் இது சின்ன விஷயமல்ல. பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அளவு குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்வதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தேயாத பேட், கசியாத குழாய் உள்ள வண்டியில் ஆயில் தானாகக் குறையாது. குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும். 'டாட் 5' என்ற சிலிகான் ஆயிலை மட்டும் மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

எந்தப் பேட்?

பந்தயப் பேட் சாலைக்கு ஆகாது. சூடேறிய பிறகே அது பிடிக்கும். காலையில் முதல் சிக்னலில், குளிர்ந்த நிலையில், சாதாரணப் பேட்டைவிட மோசமாகவே வேலை செய்யும். ஆர்கானிக் பேட் சத்தமில்லாதது, டிஸ்க்கை அதிகம் தின்னாது, ஆனால் சூட்டில் சீக்கிரம் தளரும். உலோகக் கலவைப் பேட் சூட்டைத் தாங்கும், சத்தமும் கரித்தூளும் அதிகம். செராமிக் பேட் சுத்தமானது, விலை கூடுதல். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடும் சிறிய காருக்கு, கார் கம்பெனி பரிந்துரைக்கும் பேட் அல்லது பெயர்பெற்ற தயாரிப்பாளரின் அதே தரத்துப் பேட் போதும்.

இதில் இந்தியாவுக்குக் குறைவில்லை. சென்னை பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, 1964-ல் ரானே பிரேக் லைனிங், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று தமிழகத்திலேயே இந்தத் தொழில் வேரூன்றி வளர்ந்தது. பிரச்சினை தயாரிப்பில் இல்லை, அந்தப் பெட்டிகளின் நகலில் இருக்கிறது. போலிப் பேட்டில் உராய்வுப் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து கழன்று வரலாம். எனவே பில் இல்லாமல் வாங்கக் கூடாது. பெட்டியில்லாத உதிரிப் பேட்டைத் தொடவே கூடாது. பல பேட்களின் முதுகிலோ ஓரத்திலோ 'எஃப்எஃப்', 'ஜிஜி' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில் உராய்வு. எஃப்பைவிட ஜி அதிகம் பிடிக்கும். இரண்டாம் எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால், மலையில் கைவிடும் பேட் அது.

'ஆஸ்பெஸ்டாஸ் அற்றது' என்ற வாசகத்தையும் பார்த்து வாங்க வேண்டும். அந்த இழைத் தூள் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. டிரம்மைக் கழற்றி, காற்றுக் குழாயால் தூளை ஊதித் தள்ளும் பட்டறைப் பழக்கத்தின் விலையை முதலில் கொடுப்பவர் மெக்கானிக்கும் அவரிடம் வேலை பழகும் பையனும்தான். ஈரத்துணியால் துடைப்பதற்குக் காசு அதிகம் ஆகாது.

அப்கிரேடின் மறுபக்கம்

ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ போன்ற கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பது வெறும் சிக்கனம் மட்டுமல்ல. பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்னால் சாய்கிறது. வேலையின் பெரும் பங்கு முன் சக்கரங்களுடையது. சரியாகப் பராமரித்த டிரம் பின்னால் தாராளமாகப் போதும், ஹேண்ட்பிரேக்குக்கும் வசதி. பின்னால் மட்டும் டிஸ்க் மாட்டி அதன் பலத்தைக் கூட்டினால், வழுக்குச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டி, கார் சுழன்றுவிடும் அபாயம் இருக்கிறது.

முன்னால் பெரிய காலிப்பர் போடுவதிலும் கணக்கு இருக்கிறது. அதன் பிஸ்டனை நகர்த்த அதிக ஆயில் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ள வேண்டுமானால் பெடல் ஆழமாக இறங்கும். ஏபிஎஸ் உள்ள காரில் அதன் அளவீடுகள் பழைய பிரேக்குக்காகத் தீர்மானிக்கப்பட்டவை. துளையிட்ட டிஸ்க் அழகானது, ஆனால் துளைகளின் ஓரத்தில் விரிசல் தொடங்கலாம். டிஸ்க்கை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கி, டயரின் மொத்த உயரமும் கூடிவிட்டால் பிரேக்கின் பிடி உண்மையில் குறைகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் இதைக் கிளறினால் இழப்பீடு சிக்கலாகும்.

அடிக்கடி மலை ஏறி இறங்குபவர், நிறைய சுமையோடு ஓட்டுபவர் ஆகியோருக்கு நியாயமான முன்னேற்றம் சிறியதுதான்: கார் கம்பெனி அனுமதித்தால் டாட் 4 ஆயில், அதிகச் சூடு தாங்கும் தரமான பேட், விரிசல் விட்ட ரப்பர் குழாய்களுக்குப் பதில் புதியவை. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, பெரிய டிஸ்க் செட்டின் விலையில் ஒரு சிறு பகுதி.

வரிசை மாறக் கூடாது

முதலில் டயர். அடுத்து ஆயில். பிறகு டிஸ்க்கின் கனம். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததை லேத்தில் சீவி மறுபடி மாட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை. பிறகு காலிப்பரின் நகரும் ஊசிகள். இவை துருவேறி இறுகினால் ஒரு பேட் மட்டும் தேயும், கார் ஒரு பக்கம் இழுக்கும். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசிகிறதா, ஷூ செட்டிங் சரியா என்று பார்க்க வேண்டும். பேட் எப்போதும் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புதுப் பேட் மாட்டிய அன்றே மலைக்குக் கிளம்பக் கூடாது. வெறிச்சோடிய சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு நிதானமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு, பத்து முறை செய்தால் பேட்டும் டிஸ்க்கும் பொருந்தும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பிரேக் போதவில்லை என்று தோன்றினால், அப்போது பெரிய டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம். சாதாரணமாக ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பேச்சே வராது.