வறட்சியில் உறங்கும் முட்டைகள்

கிழக்காபிரிக்கச் சமவெளிகளில் மழைக்காலத்தில் மட்டுமே நீர் தேங்கும் குட்டைகள் உள. அங்கு வாழும் நொதோபிராங்கியஸ் என்னும் கில்லிமீனுக்குச் சில மாதங்களே ஆயுள். குட்டை வற்ற மீன்கள் மடியும். சேற்றிற் புதைந்த முட்டைகளோ அடுத்த மழைவரை உறங்கும்.

ஈரம் மிக்க தாழ்நிலமாகிய ஒருகொடவத்தையில் இம்மீனை வளர்ப்போர், அந்த வறட்சியை வீட்டிலேயே உண்டாக்கல் வேண்டும். பிழிந்தெடுத்த தும்புத்தூளில் முட்டைகளைப் பொதிந்து, பொலித்தீன் பையிற் கட்டி, இனத்திற்கேற்ப 2 முதல் 6 மாதம் வரை காத்திருத்தல் அவசியம். முட்டையினுள்ளே கண்கள் தெளிவாகத் தெரிந்த பின்னரே தண்ணீர் ஊற்றலாம். முந்திப் பொரித்த குஞ்சு நீந்த வலுவின்றி அடியிற் கிடக்கும். நலமுள்ள குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் இளங்குஞ்சுகளே நல்லுணவு.

எஞ்சிய தூளை எறிதலாகாது. எல்லா முட்டைகளும் ஒரே மழையிற் பொரிப்பதில்லை. மீண்டும் உலர்த்தி நனைத்தால் மற்றவையும் பொரிக்கக்கூடும். ஒரு மழை பொய்த்தாலும் குலம் அழியாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அதுவே.