வாசல் காக்கும் நாய்க்கும் ஒரு பதிவு

குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வாழும் வீடுகளில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. தகரக் கதவும் ஓலை வேலியும் மட்டுமே பாதுகாப்பாக இருந்த காலங்களில், முற்றத்தில் நாய் படுத்திருக்கிறது என்ற நினைப்பே பல தாய்மாருக்கு நித்திரையைக் கொடுத்தது. 2006 ஆம் ஆண்டு மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாய்களைக் கொண்டுவர முடியவில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து பற்றை வெட்டி, கொட்டில் போட்டபோது, பலர் முதலில் தேடிய பொருட்களில் ஒரு நாய்க்குட்டியும் இருந்தது.

இப்படி எங்களைக் காக்கும் நாயை நாங்கள் எப்படிக் காக்கிறோம்? அயலவரின் பிள்ளைக்கு அந்த நாயால் ஆபத்து வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? இந்த இரு கேள்விகளுக்கும் உரிய விடைதான் தடுப்பூசியும் பதிவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய் வளர்ப்பதற்கும் சட்டம் இருக்கிறதா என்று சில சகோதரிகள் சிரிப்பதுண்டு. இருக்கிறது, அதுவும் நூறு வருடங்களுக்கு மேற்பட்டது. விசர்நாய்க்கடி நோயைக் கட்டுப்படுத்தும் கட்டளைச்சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுவரப்பட்டவை. இவற்றின்படி நாய் வளர்ப்பவர் தனது பகுதி உள்ளூராட்சி சபையில் அதை வருடந்தோறும் பதிவு செய்ய வேண்டும். நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் அவரது பொறுப்பு. கட்டணமும் பதிவு நடக்கும் நாட்களும் சபைக்குச் சபை வேறுபடும் என்பதால், உங்கள் சபை அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செல்லும் கிராமங்களில் தாய்மார் பதிவுக்குத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்காலத்தில் பதிவு என்ற சொல்லே பயத்தைக் கொடுத்தது. வீட்டில் யார் யார், வந்தவர் யார், போனவர் யார் என்று எழுதிக் கொடுத்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அதனால், பெயரைக் கொடுத்தால் நாயைப் பிடித்துப் போவார்களோ என்று பயப்படுகிறார்கள். உண்மையில், பிடிபடும் ஆபத்து அதிகம் இருப்பது உரிமையாளர் யாரென்று தெரியாத நாய்க்குத்தான். பதிவு உள்ள நாய், கேட்பதற்கு ஆள் உள்ள நாய். கழுத்தில் ஒரு பட்டி கட்டி வைத்தால் அது இன்னும் உறுதி.

கொன்றால் தீருமா?

முன்னர் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்தது. 2006 ஆம் ஆண்டு அரசு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. அதன் பின்னர் தடுப்பூசியும் கருத்தடையுமே வழியாகின. இது இரக்கத்தால் மட்டும் எடுத்த முடிவு என்று நினைக்க வேண்டாம். கொல்லப்பட்ட நாய்களின் இடத்துக்கு, ஊசி போடாத புதிய நாய்களும் குட்டிகளும் வந்துவிடுகின்றன. உணவு கிடைக்கும் இடம் வெறுமையாக இருக்காது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2008 இல் இந்நோய் புகுந்தபோது ஏராளமான நாய்களைக் கொன்று பார்த்தார்கள், நோய் அடங்கவில்லை. தீவு முழுவதும் நாய்களுக்கு ஊசி போட்ட பின்னரே மரணங்கள் குறையத் தொடங்கின. ஓர் இடத்திலுள்ள நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி இருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

எங்கள் துறைமுக நகருக்கு இது நன்றாகப் பொருந்தும். மீன் வெட்டும் இடங்களில் கழிவை அப்படியே கொட்டினால் அங்கே நாய்க்கூட்டம் சேரும். அதே கூட்டம் இரவில் ஒழுங்கைகளில் திரியும். பிரட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் மான்களையும் துரத்தும். கழிவைப் புதைப்பதும், வீட்டு நாயை அவிழ்த்து விடாமல் இருப்பதும், பெண் நாய்க்குக் கருத்தடை செய்விப்பதும், பெட்டைக்குட்டிகளைச் சந்தையடியில் விட்டுவிட்டு வராமல் இருப்பதும் எங்கள் கையில் உள்ள வேலைகள்.

ஒரு கீறல்தானே என்று விடலாமா?

இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை ஆண்டுக்கு 20 முதல் 30 வரை என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. தடுப்பூசியே இதற்குப் பெரிய காரணம். ஆனால் நோயின் குணம் மாறவில்லை. தண்ணீரைக் கண்டு பயப்படுதல் போன்ற அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அறிகுறி தோன்றுமுன் ஊசி போட்டால், தப்புவது அநேகமாக நிச்சயம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் ஓர் உயிர் இருக்கிறது.

உலகில் சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் 40 வீதமானோர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். அடி விழும் என்ற பயத்தில் பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. ஆகவே ஏசாமல், அடிக்காமல் கேளுங்கள். கடியோ, நகக்கீறலோ, புண்ணில் நாய் நக்கியதோ எதுவானாலும் செய்ய வேண்டியவை இவை:

• உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் வாளியில் அள்ளி ஊற்றிக் கழுவுங்கள்.

• மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் பூச வேண்டாம். பார்வை பார்ப்பித்துவிட்டு வீட்டில் இருக்கவும் வேண்டாம்.

• அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே இந்த ஊசிக்குக் காசு இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போடலாம்.

• வைத்தியர் குறித்துத் தரும் எல்லா நாட்களுக்கும் போங்கள். ஒரு நாட்கூலியை இழக்கிறோமே என்று இடையில் நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையாகாது.

• கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். முடிந்தால் கட்டி வைத்து, வைத்தியர் சொல்லும் நாள் வரை, பொதுவாக 10 முதல் 14 நாட்கள், கவனியுங்கள். நாய் இறந்தாலோ காணாமல் போனாலோ உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள்.

பூனைக் கடிக்கும் இதே கவனம் தேவை.

அயலவரோடு சண்டை வேண்டாம்

உன் நாய் என் பிள்ளையைக் கடித்தது என்று தொடங்கும் பேச்சு, வேலிச் சண்டையாகி, பொலிஸ் வரை போவதைப் பார்க்கிறோம். இடம்பெயர்ந்து பல ஊர்களிலிருந்து வந்து அருகருகே குடியேறியவர்களுக்கு அந்தச் சண்டை மேலும் பாரம். தடுப்பூசி அட்டை இருந்தால் பேச்சு வேறு விதமாகத் தொடங்கும். கடித்தவுடன் அட்டையை எடுத்துச்சென்று காட்டி, பிள்ளையைத் தானே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லும் பெண்ணோடு யாரும் பகை கொள்ளமாட்டார்கள். அட்டை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் விடுவது மட்டும் கூடாது.

சங்கமாகச் செய்யலாம்

தனியே ஒரு பெண் நாயைக் கட்டியிழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவது சிரமம். ஆனால் உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒழுங்கை ஒழுங்கையாக எத்தனை வீட்டில் எத்தனை நாய் என்று ஒரு கொப்பியில் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் கொடுத்துக் கேட்கலாம். ஓரிடத்தில் நூறு நாய்கள் என்றால் ஊசி போடுபவர்கள் அங்கேயே வருவது இலகு. பொதுச் சுகாதார பரிசோதகரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நோய் எதிர்ப்பு நாள்; அதற்கு முன்னரே கடிதம் போனால் நல்லது.

சகோதரிகளே, அட்டையை அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே பையில் வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடாமல் எடுக்கலாம்.