பக்கத்து வீட்டு எலி மருந்து உங்கள் நாய்க்கு எமன்: உஷார்!

சென்னை,

மழைக்காலம் வந்து விட்டால் சென்னையில் எலித்தொல்லையும் நத்தைத்தொல்லையும் கூடவே வந்து விடும். வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் எலிகள் வீடுகளை நோக்கி ஓடி வரும். நத்தைகள் ஒரே ராத்திரியில் செடிகளை மொட்டையடித்து விடும்.

உடனே கடையில் மருந்து வாங்கி வந்து காம்பவுண்டு சுவர் ஓரம் வைத்து விடுகிறார்கள். அதை எலி தின்கிறதோ இல்லையோ, மோப்பம் பிடித்து வரும் நாய் தின்று விடுகிறது. மருந்து வைத்தவருக்கு கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் பலியாவது பக்கத்து வீட்டில் பிள்ளை மாதிரி வளர்த்த நாய்!

வாசனைதான் வில்லன்

எலியை இழுப்பதற்காக மருந்தில் தானியம், எண்ணெய், இனிப்பு சேர்க்கிறார்கள். சிலர் கருவாடு, பஜ்ஜிக்குள் மருந்தை வைக்கிறார்கள். நத்தை மருந்து தவிட்டில் செய்த குச்சி போல இருக்கும். எலிக்கு பிடித்தது நாய்க்கும் பிடிக்கும். அதுதான் பிரச்சினை.

3 நாள் ஏமாற்றும் ‘கேக்’

பச்சை, நீலம், சிவப்பு கலர்களில் கட்டியாக விற்கப்படும் எலி கேக்கில் பெரும்பாலும் ‘புரோமாடையலோன்’ என்ற மருந்து இருக்கும். இதை தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருக்கும். சாப்பிடும், வாலாட்டும், விளையாடும். ‘‘ஒண்ணும் ஆகல, தப்பிச்சிட்டான்’’ என்று வீட்டில் இருப்பவர்கள் நிம்மதி அடைந்து விடுவார்கள்.

இங்கேதான் ஆபத்து. இந்த மருந்து ரத்தம் உறைவதற்கு தேவையான வைட்டமின் ‘கே’யை வேலை செய்ய விடாமல் தடுத்து விடும். உடம்பில் ஏற்கனவே இருக்கும் உறைவு பொருட்கள் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. 3 முதல் 5 நாட்களில் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூக்கில் ரத்தம் வரும், மலம் கறுப்பாக போகும். உள்ளுக்குள் ரத்தம் கசிந்து நாய் சுருண்டு விழுந்து விடும்.

ஆனால் பயப்பட வேண்டாம். இதற்கு மாற்று மருந்து உண்டு. ‘வைட்டமின் கே1’ மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் 3, 4 வாரங்கள் விடாமல் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தின்ற அன்றே டாக்டரிடம் போவதுதான் முக்கியம்.

நேரம் தராத விஷங்கள்

கறுப்பு பொடியாக விற்கப்படும் ‘ஜிங்க் பாஸ்பைடு’ இன்னும் மோசம். இது வயிற்று அமிலத்தில் பட்டதும் ‘பாஸ்பின்’ என்ற விஷ வாயுவாக மாறுகிறது. சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வலிப்பு வரலாம். மாற்று மருந்து கிடையாது. சோறு, பால் கொடுத்தால் அமிலம் அதிகமாக சுரந்து விஷ வாயுவும் அதிகமாகும். நாய் எடுக்கும் வாந்தியில் இருந்தும் அந்த வாயு வரும் என்பதால், ஜன்னலை திறந்து வைத்து விட்டு தள்ளி நிற்க வேண்டும்.

நத்தை மருந்தில் இருப்பது ‘மெட்டால்டிஹைடு’. தின்ற சில மணி நேரத்தில் நாய்க்கு உடம்பு உதறும், காய்ச்சல் எகிறும், வலிப்பு வரும். இதற்கும் தனி மாற்று மருந்து இல்லை. இங்கிலாந்தில் 2022-ம் ஆண்டு முதல் இதை வெளித்தோட்டங்களில் போட தடை உள்ளது.

உரமாக போடும் ஆமணக்கு புண்ணாக்கிலும் ‘ரிசின்’ விஷம் உண்டு. தொட்டியில் போட்டால் மண்ணை போட்டு நன்றாக மூடி, நாய் கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தின்று விட்டால் என்ன செய்வது?

* வாயில் மிச்சம் இருந்தால் துணி சுற்றிய கையால் எடுத்து விடுங்கள்.

* மருந்து பாக்கெட், மிச்சம் கிடக்கும் துண்டு, வாந்தி எதுவாக இருந்தாலும் கவரில் போட்டு கையோடு கொண்டு போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தர முடியும்.

* உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், எண்ணெய் என்று கை வைத்தியம் வேண்டாம். உப்பே நாய்க்கு விஷமாகி விடும். வலிப்பு வந்த நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய் விடும்.

* தின்ற 1, 2 மணி நேரத்துக்குள் போனால் டாக்டர் வாந்தி எடுக்க வைத்து விஷத்தை வெளியேற்றலாம். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. வீட்டுக்கு அருகே ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதை இப்போதே விசாரித்து போன் நம்பரை எழுதி வையுங்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும்

மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள். என்ன மருந்து, எங்கே, எத்தனை நாள் என்று சொன்னால் அவர் நாயை கட்டி வைத்துக்கொள்வார். எலி மட்டும் நுழையும் ஓட்டை உள்ள, பூட்டு போட்ட பெட்டிக்குள் மருந்து வைப்பது நல்லது. செத்த எலியை ஆழமாக குழி தோண்டி புதைக்க வேண்டும். அதை தின்றாலும் நாய்க்கு ஆபத்துதான்.

விஷம் இல்லாத வழியும் இருக்கிறது. எலிக்கு கூண்டு, பொந்தை அடைக்க சிமெண்டு. நத்தைக்கு ராத்திரியில் ஈர சாக்கும் முட்டைக்கோஸ் இலையும் போட்டு வைத்தால் மொத்தமாக வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் கையுறை போட்டு பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போட்டு விடலாம்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வாக்கிங் போகும்போது கயிற்றை விடாதீர்கள். தெருவில் கிடப்பதை தின்னாமல் இருக்க ‘‘விடு’’ என்றால் விடும்படி பழக்குங்கள்.

வேண்டுமென்றே விஷம் வைத்தால் விஷயம் வேறு. பிராணியை கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.