சக்கரக்குடம் கழற்றல் (டிரயம்ப் ஸ்பிட்பயர்)

சக்கரக்குடம் என்பது சக்கரத்தை அச்சுடன் இணைக்கும் நடுப்பகுதி ஆகும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் செருகப்படும் நடுக்கட்டையைக் குடம் என்பர். தானுந்துப் பட்டறைகளில் இது ஹப் எனப்படுகிறது. மாட்டுவண்டியில் கடையாணியைப் பிடுங்கினால் சக்கரம் குடத்துடன் கழன்றுவிடும். சில பழைய தானுந்துகளில் குடம் எளிதில் வருவதில்லை. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட டிரயம்ப் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரக் குடம் இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். இதன் பின்னச்சு அமைப்பு 1959இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டிலிருந்து பெறப்பட்டது. ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரிக்கப்பட்டதால், கீழுள்ள விளக்கம் அதற்கும் பொருந்தும்.

இறுகுவதன் காரணம்

பின் அச்சுத்தண்டின் முனை கூம்பு வடிவில் கடையப்பட்டிருக்கும். குடத்தின் துளையும் அதே சரிவுடையது. முனையிலுள்ள நட்டை முடுக்கும்போது குடம் கூம்பின் மேல் ஏறி இறுகுகிறது. கூம்பின் சரிவு உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாகையால், நட்டை நீக்கினாலும் குடம் தானாக நழுவாது. பல ஆண்டுத் துரு இப்பிடிப்பை மேலும் வலுவாக்குகிறது.

கழற்றும் முறை

1. வண்டியை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்திச் சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் நீக்க வேண்டும்.

2. நட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, தண்டிலேயே விட்டுவிட வேண்டும். குடம் திடீரென விடுபடும்போது தெறித்து விழாமல் இது தடுக்கும்.

3. குடத்தின் நான்கு போல்ட்டுகளிலும் பொருந்தும் தடித்த தகடுடைய புல்லரைப் பூட்டி, நடுத்திருகை முடுக்க வேண்டும். கொக்கிகள் கொண்ட சாதாரண புல்லர் குடத்தின் விளிம்பை வளைத்துவிடக்கூடும்.

4. திருகு நன்கு இறுகியபின் அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி கொடுத்தால் பெரும்பாலும் பிடி விடும். விடாவிடில் துரு நீக்கும் எண்ணெய் இட்டு, இறுக்கத்துடனேயே ஓர் இரவு விடலாம்.

5. இறுதி வழியாகக் குடத்தை மட்டும் சூடாக்கலாம். எஃகில் 25 மி.மீ. துளை, வெப்பம் 100 பாகை செல்சியசு உயரும்போது ஏறத்தாழ 0.03 மி.மீ. விரியும். எண்ணெய், கிரீசு, பிரேக் திரவம் ஆகியவை தீப்பற்றக்கூடியவை என்பதால் எச்சரிக்கை தேவை. சூடுபட்ட எண்ணெய்த் தடுப்பு வளையத்தையும் தாங்கியையும் மாற்றிவிட வேண்டும்.

கழற்றியபின் சோதனை

சேலம், நாமக்கல் சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் குடம் அச்சுக்கூட்டின் மேல் தனித் தாங்கிகளில் சுழல்கிறது. உள்தண்டு முறிந்தாலும் சக்கரம் வண்டியிலேயே இருக்கும். ஸ்பிட்பயரில் தண்டே எடையையும் தாங்குகிறது. அது தாங்கிக்கு வெளியே முறிந்தால் சக்கரம் குடத்தோடு கழன்று ஓடிவிடும். எனவே கூம்பிலும் சாவிக்காடியிலும் மயிரிழை விரிசல் உள்ளதா எனப் பார்ப்பது இவ்வேலையின் முதன்மையான பகுதியாகும். விரிசலுள்ள தண்டை மீண்டும் பொருத்தலாகாது. மீண்டும் பூட்டும்போது கூம்புப் பரப்புகள் தூய்மையாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நட்டைத் தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசைக்கு முடுக்க வேண்டும். நட்டு தளர்ந்திருந்தால் குடம் தண்டின் மேல் அசைந்து, விரிசல் உண்டாக வழிசெய்யும்.